மீட்டர்

வேடியப்பன் வீட்டு போர்டிகோ
நீளம் பதின்மூன்று அடி, அகலம் எட்டு.
மறுபடி அளக்கச் சொன்னார்.
மறுபடியும் பதின்மூன்றுதான்.

தொண்ணூற்றி நாலில் வாரியம் கட்டிக் கொடுத்தபோது
இந்த வரிசையில் கார் வைத்திருந்தவரே கிடையாது.
யாரோ ஒரு என்ஜினியர்
எதற்கும் இருக்கட்டும் என்று
ஒரு சின்ன மாருதியை மனசில் நிறுத்திப் பார்த்துக்
கோடு போட்டிருக்கிறார்.
அது இன்னும் உள்ளேயே நிற்கிறது போல,
புதுசு நுழைய மாட்டேன் என்கிறது.

புதுசு பதினாலே கால் அடி.
மூக்கு ஜன்னலை முட்ட
பின்பக்கம் சாக்கடை ஸ்லாப்பில் உட்கார்ந்திருக்கிறது,
பந்தியில் இடம் கிடைக்காமல்
ஓரமாய் ஒண்டிக்கொண்டவர் மாதிரி.
கேட்டைக் கழற்றி மொட்டைமாடிக்கு ஏற்றியாயிற்று.
தூண் இடிக்கும், கதவு ஒரு சாண்தான் திறக்கும்;
மாங்கூழ் ஃபேக்டரியில் முப்பது பேரை மேய்க்கிற மனுஷன்
தினமும் சாயங்காலம்
டிக்கி வழியாக இறங்குகிறார்.
தெரு, பார்க்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டது.

எனக்கு வேலை காரில் இல்லை, சுவரில்.
பதினாறு ஆம்ப் பாயின்ட், தனி லைன், தனி எர்த்.
லைன் ஒரு மணி நேரம்.
எர்த் குழிதான் மூன்று நாள்.
கிருஷ்ணகிரியில் இரண்டடி தோண்டினால் பாறை.
மேலே கோட்டை தாங்கி நிற்கிற அதே கல்தான்
கீழே நெடுகப் படுத்திருக்கிறது.
கடப்பாரை போட்டால் பல் வரை கூசும்.
மண் ஆழமாக இருந்த ஒரே இடம்
பக்கத்து வீட்டுச் சுவரோரம்,
ஷமீம் டீச்சரின் செம்பருத்திக்குக் கீழே.

கேட்டுப் பார்த்தோம்.
"என் ஸ்கூட்டர் திரும்புற இடத்துல
உங்க கார் வால நீட்டுது.
இப்ப வேருக்கும் வந்துட்டீங்களா?"
மறுநாள் இரண்டு வாசலுக்கும் நடுவே
இரண்டு கருங்கல்,
கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று.

மிஷின் வைத்துப் பாறையைத் துளைத்தோம்.

மாடியில் குடியிருக்கும் சென்றாயன்
சாப்பாடு டெலிவரி, ஓட்டுவது பேட்டரி வண்டி.
பால் பாக்கெட்டுக்குக் கூடை இறக்கிய
அதே சமையலறை ஜன்னல் வழியாக
இப்போது ஒயர் இறங்குகிறது, ராத்திரி பதினொன்றுக்கு.
கார் வந்ததிலிருந்து
வண்டிக்குப் படிக்கட்டின் அடிதான்.
அங்கே ஒயர் எட்டவில்லை.
வண்டியைச் சாய்த்து வைத்து
அரை சார்ஜோடு காலையில் போகிறான்.

காருக்கோ சார்ஜ் போடும் வாய் பின்பக்கம்.
வேண்டாம் என்று நான் சொல்லியும்
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைச் சேர்த்து
ஸ்லாப் மேல் போட்டுவைத்திருந்தார்.

ஐப்பசி மழை. பத்தரை மணிக்கு போன்:
"டிரிப் ஆயிடுச்சு, கொஞ்சம் வாங்க."
என் பைக்கை நிறுத்த இடமில்லாமல்
மூன்றாவது தெருவில் விட்டு நடந்தேன்.
சாக்கடை நிரம்பி ஸ்லாப் தெரியவில்லை.
ஷமீம் டீச்சர் நைட்டி மேல் ரெயின்கோட்டோடு
முழங்கால் தண்ணீரில் நின்று
மாப் குச்சியால்
அந்த பாக்ஸைத் தள்ளித் தள்ளித்
தன் நாற்காலி மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.
நாற்காலியின் உடைந்த காலுக்கு
இரண்டு கருங்கல்லும் முட்டு.

ஒயரில் உயிர் இல்லை அப்போது.
அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.
"பிளாஸ்டிக் குச்சி. கடத்தாது.
ஏழாங்கிளாஸ் பாடம்" என்றார்,
என்னைப் பார்க்காமலே.
வேடியப்பன் டிக்கியைத் திறந்து
அதன் நிழலில் நின்றிருந்தார்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் வந்தேன்.
கல் இரண்டும் பழைய இடத்தில்,
நாற்காலி அதன் மேல் கவிழ்த்தபடி.
பாக்ஸை நானே பிடுங்கிப் பையில் போட்டேன்.

"இன்னொரு மீட்டர் போட்டுக் குடுங்க,
எல்லாப் பிரச்சினையும் தீந்துடும்"
என்றார் வேடியப்பன்.
மேலே ஜன்னலில் இருந்து சென்றாயனும்
அதையேதான் சொன்னான்.

எந்த மீட்டர் என்று
இரண்டு பேரையும் கேட்டேன்.